மூச்சுத்திணறலோடு வரும் நோயாளி: செவிலியர்கள் கேட்டவையும் ஓர் ஐசியு சிஸ்டரின் பதில்களும்

மருந்தையும் அளவையும் டாக்டர் எழுதட்டும். அதற்கு முன்னும் பின்னும் கட்டில் அருகே நிற்பது நாம்தான். அந்தப் பகுதியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

வீசிங்கோடு ஒருவர் வந்தால் முதலில் எதைச் செய்வது? பதற்றத்தில் கை ஓடவில்லை. (பணியில் புதிதாகச் சேர்ந்தவர், தருமபுரி)

உட்கார வையுங்கள். முன்னால் ஒரு தலையணையோ மேசையோ கொடுத்தால் அவரே அதில் கை ஊன்றிக்கொள்வார். "என்ன செய்யுது?" என்று கேளுங்கள். ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் முடிக்கிறாரா, இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிற்கிறாரா என்று கவனியுங்கள். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். நம் கேஸ் ஷீட்டுகளில் எல்லா நோயாளிக்கும் மூச்சு எண்ணிக்கை 20தான்! அது எண்ணியதல்ல, முந்தைய ஷிஃப்டைப் பார்த்து எழுதியது. ஆஸ்துமாவில் பெரியவர்களுக்கு 25க்கு மேல் போனாலே கடுமை என்று வையுங்கள்.

மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புடமாலை ஆவியாக்கித் தரும் நெபுலைசரை ஆக்சிஜனில் ஓட்டினால் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் வேண்டும். நெபுலைசர் இல்லையென்றால் ஸ்பேசரோடு (இன்ஹேலர் முனையில் மாட்டும் கூடு) இன்ஹேலர் போதும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 4 முதல் 10 பஃப், ஒவ்வொன்றாக. அதுவும் நன்றாகவே வேலை செய்யும்.

ஒன்றை மறக்காதீர்கள். சத்தமாக வீசிங் கேட்ட நெஞ்சு திடீரென்று அமைதியாகி, ஆளும் கண் சொருகினால் அது குணம் இல்லை. காற்றே உள்ளே போகவில்லை. டாக்டரை ஓடிப் போய்க் கூப்பிட வேண்டிய நேரம் அது.

மருதாணி, நகப்பூச்சு இருந்தால் சாச்சுரேஷன் (விரலில் மாட்டும் கருவி காட்டும் ரத்த ஆக்சிஜன் சதவீதம்) தப்பாகக் காட்டுமா?

காட்டலாம். பூச்சைத் துடையுங்கள், வேறு விரலில் போடுங்கள், கை சில்லென்றிருந்தால் சூடாக்குங்கள். திரையில் அலை ஒழுங்காக வராமல் எண்ணை நம்பாதீர்கள். பூட்டிய அறைத் தீயில் சிக்கி வந்தவருக்கு 99 காட்டினாலும் நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடை அந்தக் கருவி ஆக்சிஜனாகவே எண்ணிக்கொள்ளும்.

சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ள தாத்தா ஒருவருக்கு சாச்சுரேஷன் 78. ஆக்சிஜன் கொடுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று சீனியர் வைக்கவே விடவில்லை. சரியா அக்கா? (தேனி)

தப்பு. ஆக்சிஜன் இல்லாமை நிமிடங்களில் கொல்லும். கார்பன் டை ஆக்சைடு ஏறுவதைக் கண்டுபிடிக்கவும் சமாளிக்கவும் நமக்கு அவகாசம் உண்டு. கொடுக்க வேண்டும், ஆனால் அளந்து. 88 முதல் 92 வரை நின்றால் போதும். ஆக்சிஜன் சதவீதத்தை அளந்து தரும் வென்சுரி மாஸ்க்கில் 24 அல்லது 28 சதவீத வால்வு வையுங்கள். எத்தனை லிட்டர் என்று அந்த வால்விலேயே அச்சிட்டிருக்கும். வென்சுரி இல்லையா, மூக்கில் வைக்கும் நேசல் பிராங்ஸில் நிமிடத்துக்கு 1 அல்லது 2 லிட்டர். வைத்த பிறகு விட்டுவிட்டுப் போகாமல், தூக்கக் கலக்கம், தலைவலி, கை நீட்டச் சொன்னால் படபடவென்று அடிப்பது, இவை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஏபிஜி (தமனி ரத்தத்தில் வாயுக்களின் அளவைப் பார்க்கும் சோதனை). அப்போதும் ஆக்சிஜனைப் பட்டென்று பிடுங்காதீர்கள்; ஆரம்பத்தில் இருந்ததைவிடக் கீழே விழும். படிப்படியாகக் குறையுங்கள்.

மேலே சொன்னதை ஏற்க முடியாது. ஆக்சிஜன் குறைவுதான் அவர்களை மூச்சு விடத் தூண்டுகிறது என்று படித்துத்தான் நாங்கள் எல்லாம் பாஸானோம். (ஓய்வுபெற்ற நர்சிங் கண்காணிப்பாளர்)

வணக்கம் மேடம். நானும் அதையே எழுதித்தான் பாஸானேன். தூண்டுதல் குறைவது உண்மை, ஆனால் அது சின்னப் பங்குதான். அதிக ஆக்சிஜன் கொடுத்துவிட்டு மூச்சின் மொத்த அளவை 1980லேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். அது கொஞ்சம்தான் குறைந்தது, கார்பன் டை ஆக்சைடோ அதற்குப் பொருந்தாத அளவு ஏறியிருந்தது. காரணம் நுரையீரலுக்குள் இருக்கிறது. காற்று சரியாகப் போகாத பகுதிகளுக்கு ரத்தம் போகாமல் குழாய்கள் சுருங்கியிருக்கும். நாம் ஆக்சிஜனைக் கொட்டியதும் அவை விரிந்து, வீணான இடத்துக்கு ரத்தம் ஓடுகிறது. அதோடு, ஹீமோகுளோபின் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு கார்பன் டை ஆக்சைடை இறக்கிவிடுகிறது. உங்கள் எச்சரிக்கை சரி மேடம். 78இல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் சரியில்லை.

அப்படியானால் 15 லிட்டரே கொடுத்துவிடலாமே! பயம் எதற்கு? (ஆம்புலன்ஸ் பணியாளர்)

தம்பி, மேடத்துக்குச் சொன்னதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸிலேயே இதைச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். சிஓபிடி உறுதியானவர்களில் தாராளமாக ஆக்சிஜன் பெற்றோரில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள். 88–92க்கு அளந்து பெற்றோரில் 2 சதவீதம். வித்தியாசம் உங்கள் வண்டியிலேயே தொடங்குகிறது. நெபுலைசரும் இவர்களுக்குக் காற்று கம்ப்ரசரில் ஓடட்டும், மூக்கில் பிராங்ஸ் இருக்கட்டும். ஆக்சிஜனில்தான் ஓட்ட முடியும் என்றால் 6 நிமிடத்தோடு நிறுத்துங்கள்.

சிஓபிடிக்கு எத்தனை லிட்டர்?

இப்போதுதானே இவ்வளவு எழுதினேன்! லிட்டர் கணக்கு இல்லை, 88–92.

அப்பாவுக்கு இரவில் மூச்சு வாங்குகிறது. என்ன மாத்திரை கொடுக்கலாம்?

மாத்திரை தேடாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை காலைத் தொங்கவிட்டு உட்கார வையுங்கள். படுக்க வைக்க வேண்டாம்.

பாம்புக்கடி. சாச்சுரேஷன் 98, பேசுகிறார். ஆனாலும் டாக்டர் ஐசியுவுக்கு அனுப்பச் சொல்கிறார். ஏன்? (விழுப்புரம்)

நல்ல கேள்வி. கட்டுவிரியன் கடியில் நுரையீரலுக்கு ஒன்றும் ஆகாது, மூச்சு இழுக்கும் தசைதான் செயலிழக்கும். சாச்சுரேஷன் கடைசியில்தான் விழும். அது விழும்போது நீங்கள் மூச்சுக்குழாயில் போடும் ட்யூபைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். இமை தொங்குகிறதா, பேச்சு மூக்கால் வருகிறதா, எச்சிலை விழுங்க முடிகிறதா, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா என்று திரும்பத் திரும்பப் பாருங்கள். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லி, எதுவரை போனார் என்று நேரம் போட்டு எழுதுங்கள். போன முறை 30, இப்போது 18 என்றால் அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள்.

வென்டிலேட்டரில் போட்ட பிறகு கண் திறக்காது, கை அசையாது, கண்மணிகூட விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காமல் இருக்கலாம். பார்ப்பவர்களுக்கு மூளைச்சாவு போலத் தோன்றும். ஆனால் அவருக்கு முழு நினைவும் இருக்கலாம். நாம் பேசுவது எல்லாம் காதில் விழும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டு சக்‌ஷன் போடுங்கள். சளியை உறிஞ்சும்போது ஒரு தடவைக்கு 15 விநாடியைத் தாண்டாதீர்கள். கண்ணுக்கு ஆயின்ட்மென்ட் வைத்து மூடுங்கள். "இது தேறாது" என்று கட்டில் பக்கத்தில் பேசுபவரை வெளியே அனுப்புங்கள், யாராக இருந்தாலும்.

பை உள்ள மாஸ்க்கில் பை உப்பவே மாட்டேன் என்கிறது.

5 லிட்டரில் வைத்திருப்பீர்கள். 10 முதல் 15 வேண்டும். உள்ளே இருக்கும் வால்வை விரலால் அழுத்திப் பையை நிரப்பிய பிறகே முகத்தில் வையுங்கள்.

ஈசிஜி எடுக்க மல்லாக்கப் படுக்கச் சொல்கிறார்கள். நுரையீரலில் நீர் கோத்த நோயாளி.

உட்கார்ந்தபடியே எடுக்கச் சொல்லுங்கள், அப்படி எடுத்ததாகத் தாளில் எழுதுங்கள். மல்லாக்கப் போட்டால் ஈசிஜி முடியும்முன் ஆள் முடிந்துவிடுவார்.

நகப்பூச்சு இருந்தால் சாச்சுரேஷன்...

மேலே பாருங்கள். அப்படியே மூச்சையும் எண்ணுங்கள்.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ரெஃபரல் பயணத்துக்கு ஒரு பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் போதுமா? (ஆரம்ப சுகாதார நிலையம்)

முழுசாக நிரம்பியிருந்தால் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் 150 நிமிடம், அது கணக்கில். கேஜ் பாதியில் நின்றால் 75. வழியில் ரயில்வே கேட்டும் உண்டு, போய்ச் சேர்ந்த இடத்தில் காத்திருப்பும் உண்டு. அதனால் கணக்குக்கு இரண்டு மடங்கு எடுத்துப் போங்கள். ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) நோயாளியின் தலைமாட்டில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம். வால்வு இறுகியிருந்தால் எண்ணெய் மட்டும் போடாதீர்கள், தீப்பிடிக்கும். கிளம்பும் முன் சிலிண்டர் சாவி வண்டியில் இருக்கிறதா என்று கேட்காமல், கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.