திபோ பினோ: கேட்டதும் சொன்னதும்

பிரெஞ்சு சைக்கிள் வீரர் திபோ பினோ 2023இல் ஓய்வு பெற்றார். அவரைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

கேள்வி: சைக்கிள் பந்தயம் எனக்குப் புதுசு. பினோ டூர் டி பிரான்ஸை வென்றிருக்கிறாரா?

இல்லை. 2014இல் ஒட்டுமொத்தமாக மூன்றாம் இடம், கூடவே இளம் வீரருக்கான வெள்ளை ஜெர்சி. டூர் மூன்று வாரப் பந்தயம்; அதில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வெற்றியாளர் உண்டு. அப்படி அவருக்குத் தனி நாள் வெற்றிகள் மூன்று: 2012இல் போரன்ட்ருயி, 2015இல் ஆல்ப் துவெஸ், 2019இல் டூர்மலே. முதல் வெற்றியின்போது அந்த ஆண்டு டூரின் மிக இளைய வீரர் அவர்தான், வயது 22. அணி மேலாளர் மார்க் மதியோ காருக்குள் இருந்து கத்திக்கொண்டே வரும் காட்சியைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: மலை இறக்கத்தில் பயப்படுவார் என்கிறார்களே?

2013 டூரில் அது உண்மை. பைலேர் மலையிலிருந்து இறங்கும்போது பின்தங்கினார். வேகம் பயமாக இருக்கிறது என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஆண்டே மூன்றாம் இடத்துக்கு வந்தார். அந்த மீட்சிக்கு இன்னும் நிறைய மதிப்புக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: அண்ணா, 2019இல் அப்படி என்னதான் நடந்தது? எல்லாரும் அதையே சொல்கிறார்கள்.

அந்த டூரில் மலைகளில் அவர்தான் பலசாலி என்பது என் கருத்து. ஆல்பி நகருக்குப் போன நாளில் பக்கக் காற்றில் வீரர்களின் கூட்டம் உடைந்து, பின்னால் சிக்கி 1 நிமிடம் 40 விநாடியை இழந்தார். டூர்மலே உச்சியில் வென்றார், மறுநாளும் எதிரிகளைக் கழற்றிவிட்டார். அப்புறம் மஞ்சள் ஜெர்சிக்கு (மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் அணிவது) வெறும் 1 நிமிடம் 50 விநாடி தூரம்தான்! காப் நகருக்குப் போன 17ஆம் நாள், முன்னால் நடந்த விபத்தைத் தவிர்க்கப்போய் முழங்கால் ஹேண்டில்பாரில் மோதியது. இடது தொடைத் தசை காயப்பட்டது. 19ஆம் நாள் பெடல் மிதிக்க முடியாமல் அழுதுகொண்டே விலகினார். அணித் தோழர் வில்லியம் போனே அவரை அணைத்துக்கொண்டார். அன்றுதான் கொலம்பிய வீரர் எகான் பெர்னால் மஞ்சள் ஜெர்சியைப் பிடித்தார்.

காயம் இல்லாவிட்டால் நிச்சயம் ஜெயித்திருப்பாரா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். ஜெயிக்கக்கூடிய கால் இருந்தது, அவ்வளவு சொல்லலாம்.

கேள்வி: வேறு அணிக்குப் போயிருந்தால் ஜெயித்திருப்பாரோ?

2010 முதல் கடைசிவரை மதியோவின் அணியை விட்டு அவர் போகவே இல்லை. போயிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. உடம்புதான் அவரைப் பலமுறை கைவிட்டது. 2018 ஜிரோவில் (இத்தாலியின் மூன்று வாரப் பந்தயம்) மூன்றாம் இடத்தில் இருந்தபோது நிமோனியா, 2020 டூரின் முதல் நாளே நீஸில் விழுந்து முதுகில் அடி.

கேள்வி: ஒரே ஒரு பந்தயம் பார்க்க நேரம் இருக்கிறது. எது?

2018ஆம் ஆண்டின் ‘இல் லொம்பார்தியா’, இத்தாலியில் நடக்கும் ஒருநாள் பந்தயம். சோர்மானோ ஏற்றத்தில் திடீரென வேகமெடுத்தார், சிவில்யோ ஏற்றத்தில் இத்தாலிய வீரர் நிபாலியைக் கழற்றிவிட்டு, கோமோ நகருக்குத் தனியாக வந்து சேர்ந்தார். 1997இல் ஜலபேர் வென்றபின் அதை வென்ற முதல் பிரெஞ்சுக்காரர் இவர்தான். டூரை மட்டும் வைத்து அவரை அளப்பவர்கள் இதைப் பார்த்தே ஆகவேண்டும். நேரம் குறைவென்றால் சோர்மானோவிலிருந்து தொடங்குங்கள்.