இரண்டு சீட்டு போதும்

கேள்வி: எங்களுக்குக் கல்யாணமாகி வரும் தை மாதம் 30 வருடம் நிறைகிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன், செந்தோசா தீவில் யூனிவர்சல் ஸ்டுடியோஸ் பூங்காவை ஒட்டிய ரிசார்ட்டில் எங்கள் இருவருக்கும் இரண்டு இரவுக்கு அறை போட்டுத் தருவதாகச் சொல்கிறான். எனக்கு ஆசைதான். நாத்தனாரோ, "பேத்தி எடுத்தவளுக்கு ராட்டினம் கேட்குதா? அந்தக் காசைக் கோயிலுக்குச் செய்யலாமே" என்கிறார். வீட்டுக்காரர், "போவதென்றால் மகன், மருமகள், பேத்தி, தங்கை குடும்பம் எல்லாருமாகப் போவோம். இல்லாவிட்டால் ஊரிலேயே எல்லாரையும் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவோம்" என்கிறார். அவருக்கு உயரம் என்றால் தலை சுற்றும். எனக்கு வயது 52, அவருக்கு 57. என்ன செய்யலாம்?

— பெயர் வேண்டாம் என்று எழுதிய ஆச்சி, தேவகோட்டை

பதில்: போய் வாருங்கள், ஆச்சி. நீங்களும் உங்கள் வீட்டுக்காரரான அண்ணனும் மட்டும் போய் வாருங்கள்.

உங்கள் கடிதத்தில் நாத்தனார் சொன்னது இருக்கிறது, அண்ணன் சொன்னது இருக்கிறது, மகன் சொன்னதும் இருக்கிறது. உங்களுக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் "எனக்கு ஆசைதான்" என்று நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது. கல்யாண நாள் உங்களுடையது. அதனால் அந்த வரியைத்தான் நான் கேள்வியாக எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் சொன்னதையும் விட்டுவிடப் போவதில்லை.

முதலில் வயது. பூங்காவில் ராட்டினங்களுக்கு உயர வரம்பு உண்டு. இதயக் கோளாறு, ரத்த அழுத்தம், கழுத்து வலி, முதுகு வலி இருப்பவர்கள் ஏற வேண்டாம் என்று வாசலிலேயே எழுதி வைத்திருப்பார்கள். பேத்தி எடுத்தவர்கள் ஏறக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. கிளம்புவதற்கு முன் உங்கள் டாக்டரிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள். அவர் சரி என்றால் சரி. இதில் நாத்தனார் கருத்துச் சொல்ல எதுவும் இல்லை.

அடுத்து, ஊரில் சாப்பாடு போடுவது. அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அந்த நாள் எப்படிப் போகும் என்று உங்களுக்கும் தெரியும். அவர் முகப்பில் நின்று வருகிறவர்களை வாங்க வாங்க என்று கூப்பிடுவார். நீங்கள் இரண்டாங்கட்டுக்கும் மூன்றாங்கட்டுக்கும் நடந்துகொண்டே இருப்பீர்கள். கவுனி அரிசி வெந்ததா, பால் பணியாரம் ஊறிவிட்டதா, கடைசிப் பந்திக்கு இலை காணுமா, தாம்பூலம் வாங்காமல் யார் போனார்கள் என்று மனது அங்கேயே கிடக்கும். 30 வருடம் கூட வாழ்ந்த மனிதரோடு அன்று நீங்கள் பேசப்போவது, "வெத்தலைக் கட்டை எங்கே வச்சீங்க?" என்ற அளவில் நின்றுவிடும். விருந்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்னும் 3 வருடத்தில் அண்ணனுக்கு 60 நிறைகிறது, சாந்தி, அதாவது அறுபதாம் கல்யாணம், வரத்தான் போகிறது. அது ஊரும் உறவும் கூடி நிற்க வேண்டிய நாள். அன்றைக்கு எத்தனை பந்தி வேண்டுமானாலும் போடுங்கள்.

எல்லாருமாகப் போவது இன்னும் மோசம். அந்தப் பூங்காவில் பேட்டில்ஸ்டார் கேலக்டிகா என்று ஒரு ரோலர் கோஸ்டர் இருக்கிறது. இரண்டு தண்டவாளங்கள் ஒன்றையொன்று துரத்துவது போல வளைந்து போகும். உயரம் 42 மீட்டருக்கு மேல். ஒன்றில் உட்கார்ந்து போகலாம், இன்னொன்றில் கால் அந்தரத்தில் தொங்கும். 125 சென்டிமீட்டர் உயரம் இல்லாதவர்களை ஏற்ற மாட்டார்கள். பேத்தி சின்னப் பிள்ளையாகத்தான் இருக்கும். மகனும் மருமகளும் வரிசையில் நிற்கப் போவார்கள், தங்கை பிள்ளைகளும் பின்னாலேயே போவார்கள். குழந்தையை யார் வைத்துக்கொள்வது? அப்பத்தாதான். உங்கள் கல்யாண நாளன்று நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து பால்புட்டியும் பைகளும் காத்துக்கொண்டிருப்பீர்கள். யாரும் வேண்டுமென்று செய்ய மாட்டார்கள், தானாகவே அப்படித்தான் அமையும். பேத்தியைக் கொஞ்ச வேண்டும்தான். இரண்டு இரவு முடிந்ததும் மகன் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருங்கள், ஆசை தீரக் கொஞ்சுங்கள்.

புருஷனும் பெண்டாட்டியும் தனியாகக் கிளம்புவது நம் வழக்கமா என்று யாராவது கேட்பார்கள். நம் பக்கத்து வழக்கத்தையே பாருங்கள். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் கல்யாணமானதும் மகனையும் மருமகளையும் வேறு வைப்பார்கள். வீடு ஒன்றுதான், வளவு ஒன்றுதான். ஆனால் அவர்களுக்கென்று தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. கோயில் கணக்கிலும் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பக் கணக்கு. பெரிய கூட்டுக் குடும்பத்துக்குள்ளேயே இரண்டு பேருக்கு என்று ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தவர்கள் நம் பெரியவர்கள். உங்கள் மகன் இப்போது செய்வதும் அதுதான். இடம் மட்டும் செந்தோசா.

சிங்கப்பூர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊர் ஆண்கள் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன ஊர்களில் அதுவும் ஒன்று. அங்கே மார்க்கெட் தெருவில் கிட்டங்கிகள், அதாவது வட்டிக்கடைக் கட்டடங்கள், இருந்தன. நீளமான கூடத்தில் பல கடைகளின் பெட்டியடிகள் வரிசையாக இருக்கும். பகலெல்லாம் அங்கேதான் வட்டிக் கணக்கு, ராத்திரி அங்கேயே பாய் விரித்துப் படுக்கை. ஏஜெண்டாகப் போகிறவர் மூன்று வருடக் கணக்கில் போவார். அவர்களின் மனைவிமாரான ஆச்சிகள் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தார்கள். வயிற்றுப் பிள்ளையோடு விட்டுப் போனவர் திரும்பி வரும்போது, பிள்ளை வளவில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளைக்கு அப்பச்சி, அதாவது அப்பா, யார் என்று காட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும். பர்மாத் தேக்கு வந்தது, பெல்ஜியம் கண்ணாடி வந்தது, ஜப்பான் ஓடு வந்தது, எனாமல் அடுக்குகள் வந்தன. கடல் கடந்த ஊர்களிலிருந்து சாமான்கள்தான் ஆச்சிகளைத் தேடி வந்தன. ஆச்சிகள் அந்தச் சாமான்களைத் துடைத்து, எண்ணி, பூட்டி வைத்து, வீட்டைக் காத்தார்கள். இன்று அந்த மார்க்கெட் தெருவில் உயரமான அலுவலகக் கட்டடங்கள் நிற்கின்றன.

இன்னொரு பக்கம், நம் பழைய வீடுகளைப் பார்க்க எங்கிருந்தோ தம்பதிகள் வருகிறார்கள். கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் ஓட்டலாக மாறிய வீடுகளில் தங்குகிறார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு பேரும் பேசிக்கொண்டே வெள்ளைப் பணியாரம் சாப்பிடுகிறார்கள். கல்யாண நாளைக் கொண்டாட வருகிறவர்களும் அவர்களில் உண்டு. நாம் அதைப் பார்த்துப் பெருமைப்படுகிறோம். நம் வீட்டு ஆச்சி அதையே கேட்டால் மட்டும் எதற்கு இத்தனை தயக்கம்? இதை நான் கோபத்தோடுதான் கேட்கிறேன்.

காசைக் கோயிலுக்குச் செய்யலாமே என்றாரே நாத்தனார். தாராளமாகச் செய்யுங்கள். சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் 1859-ல் நகரத்தார் எழுப்பியது. செந்தோசாவிலிருந்து டாக்சியில் சீக்கிரம் போய்விடலாம். தை மாதம் என்பதால் தைப்பூசம் ஒட்டி வந்தால் இன்னும் நல்லது. முதல் நாள் வெள்ளி ரதம் அங்கிருந்து கியோங் சாய்க் சாலையில் இருக்கும் லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போகும். அதையும் சேர்ந்து பாருங்கள். ஒரு பெண் சந்தோஷமாக இரண்டு நாள் இருப்பதை சாமி காரியத்துக்கு எதிராக நிறுத்துவது தப்பு. காலையில் கும்பிட்டுவிட்டு மாலையில் ராட்டினம் ஏறினால் எந்தக் குறையும் வராது.

இனி நடைமுறை. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது, ஏறக்குறைய 4 மணி நேரம். அந்த ஊர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதத்துக்கு மேல் இருக்க வேண்டும். விசாவை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். அதற்குக் காசு கேட்கிற தளங்களும் உண்டு, மகனையே நிரப்பச் சொல்லுங்கள்.

தையில் அங்கே மழை இருக்கும். மின்னல் வந்தால் திறந்த வெளி ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். அதனால் பூங்காவுக்கு ஒரே நாளை நம்பாமல் மாற்று நாள் ஒன்றைக் கையில் வையுங்கள். சீனப் புத்தாண்டும் அந்தச் சமயத்தை ஒட்டி வரலாம், அந்த நாட்களைத் தவிர்த்துவிட்டு வாரநாளாகப் பாருங்கள். பட்டுப்புடவை வேண்டாம், சுடிதாரோ பருத்திப் புடவையோ போதும். காலில் பிடித்து நிற்கும் செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். கழுத்துச் சங்கிலி தவிர மற்ற நகையெல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். ரிசார்ட் பக்கத்தில் இருப்பதன் லாபமே மதிய வெயிலில் அறைக்கு வந்து படுத்து எழுந்து போகலாம் என்பதுதான். வெளியே வரும்போது மறுபடி நுழைய என்ன செய்ய வேண்டும் என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரிசையில் நிற்காமல் போக எக்ஸ்பிரஸ் சீட்டு என்று தனியாக விற்பார்கள். முட்டி வலி இல்லையென்றால் அதை வாங்காதீர்கள். யாருக்கும் பரிமாறாமல், யாரும் கூப்பிடாமல், அண்ணனும் நீங்களும் அரை மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் நின்று கடைசியாகப் பேசியது எப்போது? அந்தப் பூங்காவில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் நல்ல நேரம் அந்த வரிசைதான். போனை மட்டும் பைக்குள் போட்டுவிடுங்கள்.

கடைசியாக அண்ணனுக்கு. உங்களை யாரும் 42 மீட்டர் உயரத்தில் ஏறச் சொல்லவில்லை. ஜுராசிக் பார்க் பகுதியில் வட்டப் படகு ஒன்று ஆற்றில் சுழன்று போகும். உடம்பெல்லாம் நனையும், ஆனால் ரோலர் கோஸ்டர் போலத் தலைகீழாகப் புரட்டாது. இரண்டு பேரும் சேர்ந்து ஏறலாம். நியூயார்க் பகுதியில் சூறாவளி அடிப்பது போல ஓர் அரங்கம், வாட்டர்வேர்ல்டு சாகசக் காட்சி, இவையெல்லாம் நின்றோ உட்கார்ந்தோ பார்ப்பது. இருட்டில் பாயும் மம்மி கோஸ்டரில் ஆச்சி தனியாக ஏறட்டும். 30 வருடமானால் எல்லாவற்றையும் சேர்ந்தே செய்ய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அவர் இறங்கி வரும்போது வெளியேறும் வழியில் நீங்கள் நிற்க வேண்டும், அவ்வளவுதான். மூச்சு வாங்க, முடி கலைந்து, சிரித்துக்கொண்டு வருவார். அந்தக் கதையை முதலில் கேட்கிற ஆள் மகனோ தங்கையோ அல்ல, நீங்களாக இருக்க வேண்டும்.

ஆச்சி, தேதியை இந்த வாரமே மகனிடம் சொல்லிவிடுங்கள். நாத்தனாரிடம் டிக்கெட் போட்ட பிறகு சொன்னால் போதும்.