கரண்ட் புகாரா? முதலில் அளவு, பிறகு கடிதம்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து மின்விநியோகம், கூரைச் சோலர், கட்டணம் பற்றி வந்த கேள்விகளுக்கு, பாவனையாளர் குழுக்களோடு வேலை செய்யும் மின் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் பதில் தருகிறார்.

ஐயா, எங்கட ஒழுங்கையில பின்னேரம் ஏழு மணியானா ஃபேன் சுத்துறதே இல்ல. பத்து வீட்டுக்காரரும் தனித்தனியா போன் பண்ணி அலுத்துப் போனம். என்ன செய்யிற? (திருக்கோவில்)

பத்துப் போன் அழைப்பை விட ஒரு தாள் பெரிது, தம்பி. இலங்கையில் வீட்டுக்கு வரவேண்டிய அழுத்தம் 230 வோல்ட். 6 சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 216க்குக் கீழோ 244க்கு மேலோ போகக்கூடாது. இந்த எல்லையை வைத்துத்தான் பேசவேண்டும். "கரண்ட் குறைவு" என்று எழுதினால் யாரும் அசையமாட்டார்கள்.

பிளக்கில் செருகிப் பார்க்கும் டிஜிட்டல் வோல்ட் மீற்றர் ஒன்று போதும். ட்ரான்ஸ்போமருக்குப் பக்கத்து வீடு, நடு வீடு, கடைசிக் கம்பத்து வீடு என மூன்று இடங்களில் ஏழு நாட்கள் அளவெடுங்கள். காலை 6, பகல் 12.30, இரவு 7.30. ஒவ்வொரு அளவையும் நேரம் தெரியப் படமெடுத்து வையுங்கள். அரிசி ஆலை, ஐஸ் தொழிற்சாலை பக்கத்தில் இருந்தால் அது ஓடும் நேரத்தையும் குறியுங்கள்.

மூன்று வீட்டிலும் குறைவென்றால் ட்ரான்ஸ்போமரில் சுமை கூடிவிட்டது, அல்லது அதன் டப் (வெளிவரும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் படி) சரியான இடத்தில் இல்லை. கடைசி வீட்டில் மட்டும் குறைவென்றால் லைன் நீளம், கம்பி மெல்லிசு. பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஒன்றில் 195, மற்றதில் 235 என்றால் ஒரே பேஸில் (கரண்ட் வரும் மூன்று கம்பிகளில் ஒன்றில்) அதிகம் பேரைக் கோர்த்திருக்கிறார்கள். இதைச் சரிசெய்யப் புதுப் பொருளே தேவையில்லை, இணைப்பை மாற்றிப் பிரித்தால் போதும். கடிதத்தில் கம்ப இலக்கம், ட்ரான்ஸ்போமர் இலக்கம், எல்லா வீட்டு மின் கணக்கு இலக்கங்கள், அளவு அட்டவணை நான்கும் இருக்கட்டும். பிரதேச மின் பொறியியலாளர் அலுவலகத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். பதில் இல்லையென்றால் அந்த முத்திரைப் பிரதியோடுதான் மின்துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

அண்ணா, 5 கிலோவாட் சோலர் போட்டிருக்கிறம். நல்ல வெயிலில்தான் இன்வேர்ட்டர் நிண்டு நிண்டு வருது. கம்பனிக்காரர் லைன் பிழை எண்டுறாங்கள், லைன்காரர் கம்பனி பிழை எண்டுறாங்கள். (களுவாஞ்சிக்குடி)

அழுத்தம் மேல் எல்லையைத் தாண்டினால் இன்வேர்ட்டர் (சோலர் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) தானாக நின்றுவிடும். அதனால் பகல் 12 மணிக்கு மீற்றரடியிலும் இன்வேர்ட்டரடியிலும் ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள். 5 கிலோவாட் ஒற்றைப் பேஸில் ஏறத்தாழ 22 அம்பியர் ஓடும். இன்வேர்ட்டரிலிருந்து மீற்றருக்கு 40 மீற்றர் தூரம், 4 சதுர மில்லிமீற்றர் வயர் என்றால் உங்கள் வயரிலேயே 8 வோல்ட் ஏறிவிடும். 10 சதுர மில்லிமீற்றர் வயரில் அது 3 வோல்ட் அளவுதான். வித்தியாசம் பெரிதென்றால் பொருத்தியவர்கள் வயரை மாற்றித் தரவேண்டும். மீற்றரடியிலேயே 244ஐத் தாண்டினால் லைன் பிழை. மேலே சொன்ன மாதிரிக் கடிதம் எழுதுங்கள். இன்வேர்ட்டரின் மேல் எல்லையை இரகசியமாகக் கூட்டிவைக்கச் சம்மதிக்க வேண்டாம். அந்த அழுத்தம் பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கும் போகும்.

சில லைட் பளீரெண்டும் சிலது மங்கியும் எரியுது. (வாழைச்சேனை)

உடனே மெயின் சுவிட்சை நிறுத்துங்கள், அயலவருக்கும் சொல்லுங்கள், 1987க்கு அழையுங்கள். பெரும்பாலும் நியூற்றல் கம்பி (கரண்ட் திரும்பிப் போகும் பொதுக் கம்பி) அறுந்திருக்கும். சில வீடுகளுக்கு 400 வோல்ட்டை நெருங்கி வரும். கம்பத்தில் யாரும் கைவைக்கக் கூடாது.

நாநா, எங்கட பள்ளிவாசலுக்குச் சோலர் கேட்டு விண்ணப்பிச்சம். ட்ரான்ஸ்போமரில இடமில்ல எண்டு வாயால சொல்லித் திருப்பிட்டாங்க. (காத்தான்குடி)

உண்மையாகவே இடமில்லாமல் இருக்கலாம். ஆனால் வாயால் சொன்னதை ஏற்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நான்கு கேள்வி கேளுங்கள்: இந்த இலக்க ட்ரான்ஸ்போமரின் கொள்ளளவு எத்தனை கேவீஏ (ட்ரான்ஸ்போமர் தாங்கும் சுமையின் அலகு)? அதில் இணைத்த கூரைச் சோலர் மொத்தம் எத்தனை கிலோவாட்? காத்திருக்கும் விண்ணப்பங்கள் எத்தனை, எந்தத் திகதியில் கிடைத்தவை? கடைசியாகச் சுமை அளந்த திகதியும் அளவும் என்ன? "ஏன் தரவில்லை" என்று கேட்காதீர்கள். சட்டம் தருவது கோப்பில் உள்ள தகவலை, விளக்கத்தை அல்ல.

காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழில் எழுதலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதன்பின் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பலர் தோற்பது இந்தத் திகதிகளைத் தவறவிட்டுத்தான். பிந்தி வந்த விண்ணப்பம் உங்களுக்கு முன் இணைக்கப்பட்டது பதிலில் தெரிந்தால், அதுவே உங்கள் முறைப்பாட்டின் முதல் வரி.

மின்சார சபை கம்பனிகளாப் பிரிஞ்சா தகவல் அறியும் சட்டம் செல்லாதாமே? (அக்கரைப்பற்று)

செல்லும். அரசு 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் கம்பனியும் சட்டத்துக்குள் வரும்.

கட்டண விசாரணையில எங்களப் போல ஆக்கள் பேசி என்ன பிரயோசனம்? (கல்லாறு)

2025 முதல் அரையாண்டுக்குக் கட்டணத்தை மாற்றவேண்டாம் என்றுதான் மின்சார சபை முன்வைத்தது. பொதுமக்கள் கருத்தைக் கேட்ட பிறகு பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு சராசரியாக 20 சதவீதம் குறைத்தது. ஜனவரி 17 நள்ளிரவு முதல் நடைமுறை. ஜூனில் 15 சதவீதம் மறுபடி ஏறியது, அதனால் ஒரு தடவை பேசிவிட்டு விடமுடியாது. கிழக்கு மாகாணத்திலும் வாய்மூல அமர்வு வைப்பார்கள். கிடைப்பது சில நிமிடம். ஒரே ஒரு விடயத்தை உங்கள் பில்லோடு சொல்லுங்கள். உதாரணத்துக்கு, மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு விலைப்பட்டியல் வருகிறது. 58 அலகுப் பில்லையும் 63 அலகுப் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பேச்சே தேவையில்லை. பக்கத்துச் சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டதிலும் ஊர்ச்சனத்தின் எதிர்ப்புக்குப் பங்குண்டு.

2025 சித்திரைப் புத்தாண்டில கூரைச் சோலரை நிறுத்தச் சொல்லி மின்சார சபை கேட்டது நியாயமா? (காரைதீவு)

ஆபத்து உண்மைதான். விடுமுறைப் பகலில் தேவை விழும், சோலர் உச்சத்தில் நிற்கும். மின்நிலையங்களின் கனமான சுழலும் எந்திரங்கள் குறைவாக ஓடும்போது சின்ன அதிர்ச்சியையும் வலையமைப்பு தாங்காது. அதே ஆண்டு பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை பகல், பாணந்துறையில் தொடங்கிய கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. நியாயமில்லாதது, மின்சேமிப்புப் பற்றரிக்கு முன்கூட்டியே வழிசெய்யாமல் விட்டதுதான். நாம் கேட்கவேண்டியதும் அதைத்தான்: பகலில் சேர்த்து இரவு 6.30 முதல் 10.30 வரை கொடுப்பவருக்கு நல்ல விலை.

கடற்கரை வீடு, என்ன கவனிக்கோணும்? (கல்முனை)

துருப்பிடிக்காத உருக்கு 316 போல்ட் கேளுங்கள். நாகம் (சிங்க்) பூசியது உப்புக்காற்றில் நிலைக்காது. பனலை மாதம் ஒருமுறை அதிகாலையில் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். சூடேறிய கண்ணாடியில் குளிர்நீர் ஊற்றினால் வெடிக்கலாம்.