பார்மசி படிப்பில் அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் தமிழ் மீடியத்தில் பயாலஜி எடுத்து பிளஸ் டூ முடித்திருக்கிறாள், பார்மசிதான் வேண்டும் என்கிறாள். டாக்டர் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்க எதற்கு இத்தனை வருடப் படிப்பு, டி.பார்ம் என்ற டிப்ளமோவில் சேர்ப்பதா பி.பார்ம் என்ற பட்டப்படிப்பில் சேர்ப்பதா என்பது அவர் கேள்வி.

மாத்திரை எடுத்துக் கொடுக்க ஒரு மாதத்தில் பழகிவிடலாம் அம்மா. சீட்டில் எழுதியிருப்பது இந்த நோயாளிக்குச் சரிதானா என்று பார்க்கத் தெரிய வேண்டுமே, அதற்குத்தான் இத்தனை வருடம். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல் என்று வையுங்கள். பாரசிட்டமால் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், அப்படியென்றால் 100 முதல் 150. கடையில் இருக்கும் சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உண்டு, 250 உள்ள சிரப்பும் உண்டு, சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100. சீட்டில் வெறுமனே '5 மில்லி' என்று இருந்து, அவசரத்தில் சொட்டு மருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டால் குழந்தைக்குள் போவது 500 மில்லிகிராம். அந்த இடத்தில் கை நிற்க வேண்டும், டாக்டருக்கு போன் போட்டுக் கேட்க வேண்டும். உங்கள் மகள் படிக்கப்போவது இதைத்தான்.

அதற்கு அடித்தளமாக உடற்கூறியல், மருந்து வேதியியல், மருந்து உடலுக்குள் போய் என்ன செய்கிறது என்று சொல்லும் பார்மகாலஜி, சட்டம் எல்லாம் வரும். சட்டம் சலிப்பான பாடம் என்று நினைப்பார்கள், ஆனால் கடையில் தினமும் கைக்கு வருவது அதுதான். ஷெட்யூல் எச்1 என்ற, டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்துகளின் பட்டியலில் உள்ள சில ஆன்டிபயாட்டிக்குகளையும் காசநோய் மருந்துகளையும் கொடுத்தால் நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். 2014 முதல் இதுதான் நடைமுறை.

லேபில் செய்வது நிறைய. மேல்பூச்சு இல்லாத மாத்திரையை 37 டிகிரி நீரில் போட்டு 15 நிமிடத்துக்குள் உதிர்ந்து பிரிகிறதா என்று பார்ப்பார்கள், களிம்பு குழைப்பார்கள், சிரப் காய்ச்சுவார்கள். சிரப்பில் எடைக்கு 66.7 சதவீதம் சர்க்கரை இருக்க வேண்டும். குறைந்தால் பூஞ்சை வரும், கூடினால் சர்க்கரை படிந்துவிடும். நம் மலையில் டிசம்பர் குளிரில் சரியான அளவில் செய்த சிரப்பிலேயே அடியில் படிகம் கட்டலாம், ஏனென்றால் நீர் குளிரக் குளிர அதில் கரையும் சர்க்கரை குறைகிறது. சமவெளியில் படிப்பவர்களுக்கு இது பெரும்பாலும் புத்தகத்தோடு சரி.

மூலிகை மருந்தியலும் அப்படித்தான். சின்கோனா பட்டையை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது எல்லாக் கல்லூரியிலும் உண்டு, ஆனால் 1860-களில் மலேரியா மருந்தான குயினைனுக்காக அந்த மரத்தை நட்டு வளர்த்தது நம் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும்தான். நீலகிரித் தைலத்தில் கலப்படம் உண்டா என்று கண்டுபிடிக்கும் முறையும் இதே பாடத்தில் வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது.

இனி மருத்துவமனைப் பயிற்சி, நான் அழுத்திச் சொல்ல வேண்டியது இதைத்தான். டி.பார்மில் இரண்டு வருடப் படிப்புக்குப் பிறகு 500 மணி நேரம், குறைந்தது மூன்று மாதமாவது, நேரில் நின்று பயில வேண்டும். இன்ஹேலரை எப்படி இழுப்பது என்று நோயாளியையே செய்து காட்டச் சொல்லிப் பார்ப்பது, மீத்தோட்ரெக்சேட்டை மூட்டுவலிக்காரர் வாரம் ஒருமுறைதான் போட வேண்டும், தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று அவர் திருப்பிச் சொல்லும்வரை விளக்குவது எல்லாம் அங்கேதான் வரும். 'ஊட்டிக் குளிருக்கு இன்சுலினை வெளியே வைத்தால் என்ன' என்று நம்மூரில் கேட்பவர்கள் அதிகம். திறக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், பகல் வெயிலில் நம் வீட்டு அலமாரி அந்த அளவில் நிற்காது, அதற்காக ஃப்ரீசரில் வைத்து உறைய விட்டாலும் மருந்து கெட்டுப்போகும் என்று பொறுமையாகச் சொல்லத் தெரிய வேண்டும். நம் மலையில் பழங்குடி மக்களிடையே, சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் இரத்தசோகை இருக்கிறது, அதற்குக் கொடுக்கும் ஹைட்ராக்சியூரியாவுக்கு எடையைப் பார்க்க வேண்டும், இரத்த அணுக்களை அவ்வப்போது எண்ண வேண்டும். பயிற்சிக்குப் போகாமலே கையெழுத்து வாங்கிக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அந்த வழிக்கு மகளை விடாதீர்கள்.

எது சேர்ப்பது? மெடிக்கல் ஷாப் வைக்க, மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்க டி.பார்ம் போதும், பார்மசிஸ்டாகப் பதிவு செய்வதற்கு முன் எழுத வேண்டிய எக்ஸிட் தேர்வை 2022 விதி கொண்டுவந்தது. மருந்துக் கம்பெனி, தரக்கட்டுப்பாடு, மேல்படிப்பு என்று மனசு போனால் நான்கு வருட பி.பார்ம். பணம் இடித்தால் டி.பார்ம் முடித்து வேலை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு பி.பார்மில் நேராக இரண்டாம் வருடத்தில் சேரலாம். வார்டிலேயே டாக்டரோடு நின்று வேலை செய்ய ஆசையென்றால் ஆறு வருட பார்ம்.டி இருக்கிறது.

தமிழ் மீடியம் என்று பயப்பட வேண்டாம். முதல் ஆறு மாதம் பெயர்கள் பயமுறுத்தும், அது ஆங்கில மீடியம் பிள்ளைகளுக்கும் புதுசுதான். அப்புறம், பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தக் கல்லூரிக்கு, அந்தப் படிப்புக்கு, அந்த வருடத்துக்கு பார்மசி கவுன்சில் ஆஃப் இந்தியாவின் அனுமதி இருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் பாருங்கள், கடைசி வருட மாணவிகள் இரண்டு பேரிடம் பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள் என்றும் கேளுங்கள்.