தோலில் கோட்டை விட்டால் ஃபில்டர் காப்பாற்றாது: உடல் சிக்னல் பதிவு, கேள்வி பதில்

சென்னையில் உடல்நல ஆய்வுகளுக்காக இசிஜி, இடிஏ (தோலின் மின்கடத்தல்), பிபிஜி (ஒளியால் அளக்கும் நாடித்துடிப்பு) பதிவு செய்பவர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்.

கிண்டி, பயோமெடிக்கல் மாணவர்: சார், இசிஜி பேஸ்லைன் (துடிப்புகளுக்கு நடுவுல ஓடுற கோடு) தடிமனா தெரியுது. 50 ஹெர்ட்ஸ் நாட்ச் ஃபில்டர் (அந்த ஒரு அலைவரிசையை மட்டும் வெட்டுறது) போட்டா மறைஞ்சிடுது. அப்படியே விட்டுடலாமா?

விடாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; சிக்னலில் அது கொஞ்சம் ஏறத்தான் செய்யும். கோடு தடிக்கிற அளவுக்கு ஏறினால், ஒரு பேட் சரியாக ஒட்டவில்லை என்று பொருள். முதலில் வலது கால் பேடைப் பாருங்கள். அது லேசாகப் பெயர்ந்திருந்தாலே எல்லா லீடும் (பதிவுக் கோடும்) கெடும். அடுத்தது தோல். தேங்காய் எண்ணெயும் பவுடரும் பூசிய மார்பில் எந்த ஜெல்லும் பிடிக்காது. ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, சொரசொரப்பான துணியால் மூன்று நான்கு முறை தேய்த்து ஒட்டுங்கள். உறை பிரித்து வாரக்கணக்கில் கிடந்த பேடில் ஜெல் காய்ந்திருக்கும், தூக்கிப் போடுங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டுங்கள். இன்வெர்ட்டர் கரண்டில் பதிவே வேண்டாம்: சதுர அலை இன்வெர்ட்டராக இருந்தால் 150, 250 ஹெர்ட்ஸும் கூடவே வரும். நொடிக்கு 128 சாம்பிள் எடுக்கும் கருவியில், முன்னால் தடுக்கும் ஃபில்டர் சரியில்லை என்றால், அந்த 150 ஹெர்ட்ஸ் 22 ஹெர்ட்ஸ் வேடத்தில் க்யூஆர்எஸ்ஸுக்குள்ளேயே (இசிஜி துடிப்பின் கூர்மையான பகுதி) வந்து உட்காரும். நாட்ச் அதைத் தொடாது.

குரோம்பேட்டை, உளவியல் ஆய்வாளர்: இடிஏ எல்லாருக்கும் ரொம்ப உயரமா வருது. இசிஜி பேடைத்தான் விரல்ல ஒட்டுறோம்.

கோளாறே அங்கேதான். இசிஜி ஜெல்லில் உப்பு அதிகம். கடத்தலை அதுவே ஏற்றிவிடும். சுமார் 0.5% உப்பு உள்ள இடிஏ பேஸ்ட்டை வாங்குங்கள். இங்கே ஸ்பிரிட் கூடாது, தோலை உலர்த்திவிடும். வெறும் தண்ணீரில் கை கழுவினால் போதும். மே மாத வெயிலில் பஸ்ஸில் நின்று வந்தவரை உடனே உட்கார வைத்து ஒட்டினால், நீங்கள் பதிவு செய்வது அண்ணா சாலையைத்தான். 20 நிமிடம் ஆறட்டும். ஒட்டிய பிறகும் 5 முதல் 10 நிமிடம் பொறுங்கள். ஏசியை 18-ல் வைக்காதீர்கள், விரல் சில்லிட்டால் சிக்னல் சுருங்கும். 23, 24 சரி. அறையின் வெப்பநிலை, ஈரப்பதம் இரண்டையும் குறித்து வையுங்கள். தொடங்கும் முன் ஆழமாக ஒரு மூச்சு இழுக்கச் சொல்லுங்கள். 1 முதல் 3 நொடியில் மேடு எழ வேண்டும்.

மயிலாப்பூர், யோகா ஆய்வு மாணவி: பிராணாயாமத்தப்போ எச்ஆர்வி-ல (துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி மாறுற அளவு) எல்எஃப் (அதுல மெதுவான அலைவு) எகிறுது. மன அழுத்தம் கூடுதுன்னு எழுதலாமா?

கூடவே கூடாது. எச்எஃப் (வேகமான அலைவு) பட்டை 0.15 முதல் 0.40 ஹெர்ட்ஸ் வரை. 0.15 என்பது நிமிடத்துக்கு 9 மூச்சு. உங்கள் ஆட்கள் 6 மூச்சுக்கு இறங்கினால் அது 0.1 ஹெர்ட்ஸ், மூச்சோடு ஏறி இறங்கும் துடிப்பு மொத்தமும் எல்எஃப் கணக்கில் விழுந்துவிடும். மார்பில் மூச்சு பெல்ட் கட்டாமல் இந்த ஆய்வைச் செய்வதில் பயனில்லை. 5 நிமிடப் பதிவு, நொடிக்கு 500 சாம்பிள் வையுங்கள். ஒவ்வொரு ஆர் முனையையும் (க்யூஆர்எஸ்ஸின் உச்சி) கண்ணால் சரிபாருங்கள். முந்தி விழுந்த ஒரே ஒரு துடிப்பு ஆர்எம்எஸ்எஸ்டி-யை (அடுத்தடுத்த துடிப்பு இடைவெளிகளின் வித்தியாசத்தை அளக்கும் எண்) தலைகீழாக்கும்.

அதே மாணவி: அதுக்கு ஸ்மார்ட் வாட்ச் போதாதா?

நொடிக்கு 25 சாம்பிள் என்றால் புள்ளிக்குப் புள்ளி 40 மில்லிசெகண்ட். பலருக்கு ஆர்எம்எஸ்எஸ்டி-யே 20 முதல் 50 மில்லிசெகண்ட்தான். சராசரித் துடிப்புக்கு வாட்ச் போதும்.

ராயப்பேட்டை, பிசியோதெரபிஸ்ட்: தனித்தனியா பதிவு செய்யற ரெண்டு கருவியையும் ஒரே நேரத்துல ஸ்டார்ட் பண்ணினா போதுமா?

போதாது. கடிகாரங்களுக்கு இடையே பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே மணிக்கு 72 மில்லிசெகண்ட் விலகும். தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டுக்கும் ஒரே ட்ரிகர் பல்ஸ் (நேரத்தைக் குறிக்கும் அடையாள சிக்னல்) கொடுங்கள்.

பெரம்பூர், செவிலியர்: விரல் நுனில மருதாணி இருந்தா பிபிஜி?

கறுப்பாகப் பிடித்த கோன் மருதாணி ஒளியைத் தடுக்கலாம். காது மடலில் கிளிப் போடுங்கள், கம்மலைக் கழற்றிவிட்டு.