உப்புக்காத்து ஊர்ல கார் வீலுக்கு என்ன கலர், என்ன கோட்டிங்?

மண்டபத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: வண்டி வாங்கி ஆறு வருஷம், டயமண்ட் கட் அலாய், ரிம் ஓரத்துல புழு ஊர்ந்த மாதிரி வெள்ளை வெள்ளையா கோடு ஓடுது, வீலை பளபளன்னு கறுப்பாக்கி, காலிப்பருக்கு (பிரேக் பேடை டிஸ்க்ல அழுத்திப் பிடிக்கிற பாகம்) சிவப்பு அடிச்சு, எஞ்சினுக்கும் கலர் குடுக்கலாமா, வாரம் ரெண்டு தடவையாச்சும் தனுஷ்கோடி போயிட்டு வருவேன்னு.

தம்பி, கலர் அப்புறம், முதல்ல அந்த வெள்ளைக் கோடு. டயமண்ட் கட்னா மெஷின்ல சீவின வெறும் அலுமினியம், மேல மெல்லிசா ஒரு க்ளியர் கோட், அவ்வளவுதான். அரிச்சல்முனை ரோட்டுல கச்சான் காத்து அடிக்கும்போது மணல் பறந்து வந்து ரிம்முல அடிக்குதுல்ல, அதுல ஊசிமுனை அளவு க்ளியர் பேந்தாலே போதும், உப்பு ஈரம் உள்ள போயி அடியிலேயே அரிச்சுக்கிட்டு போகும். அதுக்கு மேல இன்னொரு க்ளியர் அடிச்சா உப்பை உள்ள வச்சு மூடுறதுதான். திரும்பவும் டயமண்ட் கட் போடலாம், ஆனா ஒவ்வொரு தடவையும் ரிம் தேயும். நம்ம கடற்கரைக்கு அது வேண்டாங்கிறதுதான் என் முடிவு, குரோமும் வேண்டாம்.

பவுடர் கோட்டிங் போடுங்க, அதாவது பெயின்ட் பவுடரைத் தூவி ஓவன்ல சுட்டு இறுக்குறது. ஆனா பழைய பெயின்ட்டை முழுசா உரிச்சு, பிளாஸ்டிங் (காத்து வேகத்துல துகளை அடிச்சு சுத்தம் பண்றது) பண்ணி, அலுமினியத்துக்கான கெமிக்கல் வாஷ் குடுத்து, எபாக்சி ப்ரைமர், அதுக்கு மேல பாலியஸ்டர் பவுடர், அதுக்கு மேல க்ளியர்னு அடுக்கா வரணும். மேல் கோட்டும் எபாக்சியே போட்டா நம்ம வெயிலுக்கு சுண்ணாம்பு பூத்த மாதிரி வெளுத்துரும். இரும்புத் தூள் வச்சு பிளாஸ்டிங் பண்ணவே விடாதீங்க, துகள் அலுமினியத்துல பதிஞ்சு பின்னாடி அதுவே துருப்பிடிக்கும். ஓவன் சூடு 180ல இருந்து 200 டிகிரிக்குள்ள இருக்கணும், அதுக்கு மேல போனா அலாயோட பலம் குறையும். பாம்பன் புது ரயில் பாலம் 2025ல திறந்தாங்களே, அதுக்கு பாலிசிலாக்சேன் கோட்டிங் குடுத்தது இந்த உப்புக்காத்துக்காகத்தான், அவ்வளவு பெரிய இரும்புக்கே அந்த கவனம்னா நம்ம ரிம்முக்கு வேண்டாமா.

இன்னொண்ணு, இதை ரொம்ப அழுத்தி சொல்றேன். வீல் நட் உக்கார்ற குழி, ஹப்போட ஒட்டுற பின்பக்கம், இந்த ரெண்டு இடத்துலயும் டேப் ஒட்டி மறைச்சுட்டுதான் பவுடர் அடிக்கணும். வேற இடத்துல கோட்டிங் போட்ட வண்டி ஒண்ணு எங்க பட்டறைக்கு வந்துச்சு, முன் வீல்ல கடகடன்னு சத்தம்னு. ஸ்பேனர் வைக்கிறதுக்கு முன்னாடியே நட்டு கையில சுத்துது, கழட்டிப் பாத்தா குழிக்குள்ள இருந்த பவுடர் நசுங்கி மோதிரம் மாதிரி பேந்து வந்துருக்கு. குழந்தைங்களை ஏத்திக்கிட்டு போற வண்டி அது. அதனால கோட்டிங் முடிஞ்சு மாட்டினப்புறம் 50, 100 கிலோமீட்டர்ல டார்க் ரெஞ்ச் (நட்டை சொன்ன அளவுக்கு இறுக்குற ஸ்பேனர்) வச்சு இன்னொரு தடவை பாருங்க.

கலர்னா நான் கன்மெட்டல் கிரே, அதாவது கருஞ்சாம்பல்தான் சொல்வேன். பளபளக் கறுப்புல உப்பு காய்ஞ்ச வெள்ளைத் திட்டு அப்படியே தெரியும், அதைத் துணியால தேய்ச்சுத் தேய்ச்சே மணல் கீறல் விழுந்துரும்.

காலிப்பருக்கு சிவப்பு தாராளமா அடிங்க, ஆனா காலிப்பர் பெயின்ட்னே கேட்டு வாங்குங்க, சாதா ஸ்ப்ரே சூட்டுல நிக்காது. வயர் பிரஷ்ஷால துருவை எடுத்து பிரேக் க்ளீனரால கழுவிட்டு அடிக்கணும். ஸ்லைடு பின், பிஸ்டன் ரப்பர், ப்ளீடர் நிப்பிள், பேட் உக்கார்ற இடம் எதுலயும் பெயின்ட் படக்கூடாது. பிரேக் ஆயில் சிந்தினா உடனே தண்ணி விட்டுக் கழுவுங்க, பெயின்ட்டை அப்படியே உரிச்சுரும். டிஸ்க்ல பேட் உரசுற முகத்துல எதையும் அடிக்கவே கூடாது, ராத்திரி நிறுத்தி காலையில பாத்தா செம்மண் கலர்ல இருக்குற துரு நாலு பிரேக் பிடிச்சா போயிரும். டிஸ்க்கோட நடுமேடு துருப்பிடிக்குதுன்னா அங்க மட்டும் சூடு தாங்குற சில்வர் குடுக்கலாம்.

எஞ்சின்ல வால்வ் கவர், அதாவது மேல் மூடி மட்டும் போதும், எஞ்சின் எனாமல் 250 டிகிரி வரைக்கும் தாங்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அது பத்தாது, 600க்கு மேல தாங்குற சிலிக்கான் பெயின்ட் வேணும், அதையும் டப்பாவுல சொன்ன மாதிரி படிப்படியா சூடாக்கித்தான் இறுக வைக்கணும். எர்த் வயர் பிடிக்கிற இடம், சென்சார் எல்லாம் மறைச்சுருங்க.

தனுஷ்கோடி போயிட்டு வந்தா டிஸ்க் ஆறினப்புறம் அன்னைக்கே வீல் உள்பக்கமும் காலிப்பர் பின்னாடியும் தண்ணி விட்டுக் கழுவுங்க. போர் தண்ணி உப்பா இருந்தா அதுல கழுவுறதுல அர்த்தமே இல்ல, நல்ல தண்ணி ரெண்டு வாளி எடுத்து வைங்க. அவுட்போர்டு மோட்டாரை கரைக்கு வந்ததும் நல்ல தண்ணியில ஓட விட்டுத்தானே கழுவுறாங்க, அதே மாதிரிதான். ஆசிட் கலந்த வீல் க்ளீனர் போட வேண்டாம்னு வாட்டர் வாஷ் பையன்கிட்ட முன்னாடியே சொல்லிருங்க.