இர்விங் கடிதத்துக்கு 480 பவுண்டு கொடுக்கலாமா?

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். மகள் நாடகம் படிக்கிறாள். அவள் பிறந்தநாளுக்குப் பழைய நாடகப் பொருள் ஏதாவது தேடியபோது, இணையத்தில் ஒரு கடிதம் கண்ணில் பட்டது. ‘ஹென்றி இர்விங், லைசியம் தியேட்டர், 1893’ என்று போட்டிருக்கிறார்கள். விருந்துக்கு வர முடியவில்லை என்று நாலு வரி, கீழே கையொப்பம். விலை 480 பவுண்டு. வாங்கலாமா?

பதில்: அந்த விலைக்கு வேண்டாம். இர்விங் பெரிய ஆள்தான். இங்கிலாந்தில் சர் பட்டம் பெற்ற முதல் நடிகர் அவர். ஆனால் பெரிய ஆள் என்பதாலேயே அவர் பெயரில் போன கடிதங்களும் ஏராளம். விருந்துக்கு மறுப்பு, டிக்கெட் விஷயம், நன்றி என்று நாலு வரியில் முடிகிறவை ஏலத்தில் பல நேரம் நூறு பவுண்டை ஒட்டியே போகும். ஒரு நாடகத்தைப் பற்றியோ, நடிப்பைப் பற்றியோ, லைசியத்தில் அவரோடு ஜோடியாக நடித்த எலன் டெர்ரியைப் பற்றியோ மனம் விட்டு எழுதியிருந்தால்தான் விலை ஏறும். கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதற்குத்தான் காசு.

அடுத்து, அதை எழுதியது யார் என்று பாருங்கள். 1878 முடிவில் இர்விங் லைசியத்தைத் தன் பொறுப்பில் எடுத்தபோது, டப்ளினில் அரசு வேலையில் இருந்த பிராம் ஸ்டோக்கரை நிர்வாகியாக அழைத்துக்கொண்டார். ‘டிராகுலா’ எழுதிய அதே ஸ்டோக்கர்தான். இர்விங்குக்காகத் தான் எழுதிய கடிதங்கள் சுமார் ஐந்து லட்சம் இருக்கும் என்பது அவரே போட்ட கணக்கு. ஆகவே கடிதம் முழுக்க ஒரு கையெழுத்து, ஒப்பம் மட்டும் வேறு மை, வேறு சாய்வு என்றிருந்தால் அது போலி என்று அர்த்தமில்லை, செயலர் எழுதியதில் இர்விங் ஒப்பமிட்டது. விலை குறைய வேண்டும், அவ்வளவுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், ஸ்டோக்கர் தன் பெயரிலேயே ஒப்பமிட்ட கடிதத்துக்கு இன்று முதலாளியின் கடிதத்தைவிட அதிக விலை கேட்பார்கள். டிராகுலா ரசிகர்கள் உபயம்! விற்பவர் விளம்பரத்தில் ஸ்டோக்கர் பெயரையும் சேர்த்தால், அந்தப் பெயர் தாளில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

முகவரியையும் தேதியையும் ஒத்துப் பாருங்கள். இர்விங் 1872 முதல் 1899 வரை குடியிருந்தது லண்டன் கிராஃப்டன் தெரு 15ஏ. அந்த முகவரி அச்சிட்ட தாளில் 1902 என்று தேதி இருந்தால் காரணம் கேட்க வேண்டும். பட்டம் கிடைத்தது 1895இல். அதற்கு முந்தைய உறையில் ‘சர் ஹென்றி’ என்றிருந்தால் கதை முடிந்தது. பட்டம் வந்த பிறகும் ‘சர்’ போட்டு ஒப்பமிடுவது அங்கே வழக்கமில்லை. அப்படி ஒப்பம் இருந்தால் கிட்டவே போகாதீர்கள்.

படம் பெரிதாகக் கேட்டு வாங்கி, ஒப்பத்தை மட்டும் பாருங்கள். பேனா மை என்றால் கோடுகள் குறுக்கிடும் இடத்தில் கறுப்பு கூடும், எழுத்து திரும்பும் இடத்தில் மை தேங்கியிருக்கும். கோடு முழுக்க ஒரே அடர்த்தி, அல்லது பொடிப் புள்ளிகள் என்றால் அச்சு. நினைவுப் பரிசாகக் கொடுத்த படங்களில் ஒப்பத்தையும் சேர்த்தே அச்சடித்தார்கள்.

‘இர்விங் வீட்டிலிருந்தே வந்தது’ என்று சொன்னால், ஆதாரம் கேளுங்கள். 1905 அக்டோபரில் பிராட்ஃபோர்டில் ‘பெக்கெட்’ நாடகத்தில் நடித்துவிட்டு விடுதிக்குத் திரும்பியவர் அங்கேயே இறந்தார். அந்த டிசம்பரிலேயே கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் அவர் உடைமைகளை ஏலம் விட்டது, அட்டவணையும் அச்சிட்டது. அதில் எத்தனையாவது எண் என்று விற்பவர் காட்டட்டும்.

சரி, பேரம் படிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். விற்பவர் வியாபாரி என்றால், இணையத்தில் வாங்கியதைப் பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள் ‘வேண்டாம்’ என்று சொல்லலாம், காரணம் தேவையில்லை. தனி ஆள் என்றால் அந்த உரிமை கிடையாது. சொன்னபடி பொருள் இல்லை என்றால் மட்டும் சண்டை போடலாம். அதனால் ‘இர்விங் தன் கைப்பட எழுதி ஒப்பமிட்டது’ என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். நேரில் போகக்கூடிய பொது ஏலத்திலும் 14 நாள் சலுகை இல்லை. அங்கே சுத்தியல் விலைக்கு, அதாவது ஏலம் முடிந்த விலைக்கு, மேல் ஏல நிறுவனத்தின் கமிஷன் வேறு சேரும், கால் பங்கையும் தாண்டலாம். கிரெடிட் கார்டில் நேரடியாகக் கட்டுங்கள். 100 பவுண்டைத் தாண்டிய பொருளில் வில்லங்கம் வந்தால் வங்கியும் பொறுப்பு. நடுவில் வேறு கட்டணச் செயலி புகுந்தால் அந்தப் பிடி தளரலாம்.

கேள்வி: பழைய சாமான் சந்தையில் வாங்கிய ஆல்பத்தில் எலன் டெர்ரியின் கடிதம் ஒன்று ஒட்டியிருக்கிறது. வெளிவராத கடிதம் என்றே நினைக்கிறேன். காசு கொடுத்து வாங்கியாயிற்று, புத்தகத்தில் போட்டுக்கொள்ளலாம்தானே?

பதில்: தாள் உங்களுடையது, அதிலுள்ள எழுத்து உங்களுடையதல்ல. டெர்ரி இறந்தது 1928இல். அவர் எழுதியவற்றில் அப்போதே அச்சானவற்றுக்கு உரிமைக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் பிரிட்டனில், 1989 ஆகஸ்ட் வரை அச்சேறாமல் கிடந்த இத்தகைய பழைய கடிதங்களுக்கு 2039 கடைசி வரை காப்புரிமை நீடிக்கிறது. எழுதியவரின் வாரிசுகளிடமோ உரிமை பெற்றவர்களிடமோ அனுமதி வாங்கித்தான் அச்சிட வேண்டும். விற்பதற்கோ, வீட்டில் மாட்டுவதற்கோ தடையில்லை. வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் 50 வருஷத்துக்கு மேற்பட்ட கையெழுத்து ஆவணத்துக்கு ஏற்றுமதி உரிமம் கேட்பார்கள், முன்கூட்டியே விசாரியுங்கள். அப்புறம், ஆல்பத்திலிருந்து கிழித்தெடுக்காதீர்கள். யார் சேர்த்த ஆல்பம், பக்கத்துப் பக்கத்தில் யார் கடிதம் என்பதெல்லாம் அதன் மதிப்பில் சேர்த்தி.

கேள்வி: இப்படிப்பட்ட கடிதத்தை லேமினேட் செய்தால் கெடாமல் இருக்குமா?

பதில்: கூடவே கூடாது. சூட்டில் ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க முடியாது, விலையும் அதோடு போயிற்று. அமிலம் இல்லாத அட்டை, பாலியெஸ்டர் உறை, வெயில் படாத அலமாரி போதும். மாட்டியே ஆக வேண்டும் என்றால் நகலை மாட்டுங்கள்.